பெட்டியடிப் பையனும் மேலாளும்

சென்ற சித்திரைத் திங்களில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தின் இறுதியில், நம் சமூகத்துப் பட்டதாரி இளைஞர்களுக்கு நம்மவர் நடத்தும் கம்பெனிகளிலேயே வேலை கிடைப்பதில்லை என்னும் குறை எடுத்துரைக்கப்பட்டது. அதற்கு விடையாகச் சென்னையில் வாணிகம் நடத்தும் அன்பர் ஒருவர் எழுந்து, "தொழில் தெரிந்த ஆளாகப் பார்த்து எடுத்தால் வந்த நாளே வேலை நடக்கிறது. தெரியாத பிள்ளையை எடுத்துச் சம்பளமும் கொடுத்துப் பழக்கியும் விட்டால், பழகிய மறுநாள் அவன் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறான். நான் என்ன, பள்ளிக்கூடமா நடத்துகிறேன்?" என்று வினவினார். அவையில் சிரிப்பெழுந்தது. பள்ளிக்கூடத்திலேயே காலங்கழிக்கும் எமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எம்மிடம் தமிழ் பயின்று பின்னர் வணிகவியலிற் பட்டமும் பெற்ற மாணவன் ஒருவன், அதற்கு முந்திய வாரத்தில்தான், ஏழு இடங்களுக்குச் சென்று ஏழிடத்தும் "முன் அனுபவம் உண்டா?" என்னும் ஒரே கேள்வியைக் கேட்டுத் திரும்பி எம் வீட்டு முகப்பில் வந்தமர்ந்தான். வேலை பார்த்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை வரும். இவ்விரண்டனுள் முந்தியது எது என்று அவன் எம்மைக் கேட்டான். எமக்குத் தெரிந்த இலக்கண நூல் எதனுள்ளும் இதற்கு விடையில்லை.

நம் முன்னோர் நடத்திய கடைகளின் வரலாற்றில் விடை உண்டு என்பது எம் கருத்து. அதனை அவையில் எழுந்து சொல்லும் திறம் எமக்கு இன்மையின் ஈண்டு எழுதலாயினோம்.

நகரத்தார் கடல் கடந்து பொருளீட்டிய வரலாற்றை முழுதும் விரித்தல் எம் நோக்கமன்று. இலங்கைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர் சென்றமை பலரும் அறிந்ததே. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயில் எழுந்தது 1859-ஆம் ஆண்டில். ஆயினும் ஆட்களைப் பழக்கும் முறை பெருக விளங்கியது பர்மாவிலேயாம். 1852-ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைப்பட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை எளிதாயிற்று. காடு திருத்தி வயலாக்கிய உழவனுக்குக் கைம்முதல் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகளோ அவ்வுழவனை ஏறெடுத்தும் பாரா. அவ்விடைவெளியில் நம்மவர் பெட்டியுடன் சென்று அமர்ந்தனர். 1910 அளவில் பர்மாவில் நம் கடைகள் ஏறத்தாழ 350. 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவினர் ஆராய்ந்த காலத்து அவை ஏறத்தாழ 1,650 ஆகியிருந்தன. அக்கடைகளில் ஈடுபட்ட முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அக்குழுவினர் மதிப்பிட்டனர்.

இவ்வெண்களை வாசித்துப் பெருமிதம் கொள்வதோடு நம்மவர் பலர் நின்றுவிடுகின்றனர். யாம் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கடைக்கு மேலாள் ஒருவர் வேண்டும். மேலாளின் தவணை மூன்றாண்டு. எனவே 1,650 கடைகளுக்கு ஆண்டுதோறும் 550 மேலாட்கள் கப்பலேறியாக வேண்டும். முதலாளியே நேரில் இருந்து நடத்திய கடைகளைக் கழிப்போம். ஒருவரே ஊரில் சிலகாலம் தங்கி மீண்டும் அதே பெட்டிக்குச் சென்றதனையும் கழிப்போம். அப்பொழுதும் எஞ்சுவோர் நூற்றுக்கணக்கினர். பெரிதன்று நம் சமூகம். சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் சில பத்து ஊர்களுக்குள் அடங்குவது. இத்துணைப் பேரும் 'முன் அனுபவம்' உடையவராய் எங்கிருந்து முளைத்தனர்? வட்டித் தொழில் கற்பிக்கும் கல்லூரி ஒன்றேனும் அன்று காரைக்குடியில் இல்லை, தேவகோட்டையிலும் இல்லை. கடையேதான் கல்லூரியாக இருந்தது. சென்னை அன்பர் நகைப்பாகக் கேட்டாரே, "நான் பள்ளிக்கூடமா நடத்துகிறேன்?" என்று, அவருடைய பாட்டனார் உண்மையில் பள்ளிக்கூடம் நடத்தியவரே.

அப்பள்ளியின் வகுப்புக்கள் மூன்று. அடியில் நின்றவன் பெட்டியடிப் பையன். கணக்குப் பெட்டியின் அருகே அமர்பவன் ஆதலின் அப்பெயர். அவனுக்கு மேல் அடுத்தாள். அடுத்தாளுக்கு மேல் மேலாள். இவரையே பிற்காலத்தார் ஏஜண்டு என்றனர். மேலாளுக்குக் கட்டளையிடும் முதலாளி பெரும்பாலும் கடலுக்கு இப்பால் தம் ஊரிலேயே இருப்பார். மேலாளுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்து, மூன்றாண்டுச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னரே கையிற் கொடுத்து, தவணை முடிந்து திரும்பியபின் ஆதாயத்தில் ஒரு பங்கும் அளிப்பது வழக்கம். மனைவி மக்கள் ஊரிலேயே தங்குவர். இக்காலத்தார் இதனைக் கேட்டு வியப்பர். இலட்சக்கணக்கான ரூபாயை ஒருவன் கையில் ஒப்புவித்து, கடிதமும் ஐந்தொகையும் அன்றி வேறு காவல் இல்லாமல் மூன்றாண்டு இருக்கும் துணிவு எங்ஙனம் வந்தது? பதினான்கு வயதில் அவன் பெட்டியடியில் அமர்ந்த நாள் முதல் அவனை நால்வர் கண்காணித்திருந்தனர் என்பதே விடை.

எண்சுவடியைப் பற்றி ஒரு சொல். எம் துறை ஆதலின் சற்று நீட்டின் அன்பர்கள் பொறுத்தருள்க. பையன் கப்பலேறுமுன் திண்ணைப் பள்ளியில் கீழ்வாய் இலக்கம் முழுதும் மனப்பாடம் செய்திருப்பான். காணி என்பது 1/80. மா என்பது 1/20. மாகாணி என்பது 1/16. முந்திரி என்பது 1/320. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கும் வாய்பாடு தூக்கத்திலும் அவன் நாவில் வரும். ரூபாய்க்குப் பதினாறு அணா ஆதலின் ஓரணா என்பது ரூபாயில் மாகாணி. நூற்றுக்கு மாதம் பத்தணா வட்டி என்று ஒருவர் சொல்லி முடிக்குமுன், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழரை என்று பையன் சொல்லிவிடுவான். ரங்கூனில் நம்மவர் மாதந்தோறும் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். அந்த வட்டி எத்தனை அணா ஏறிற்று, எத்தனை அணா இறங்கிற்று என்பது பர்மா முழுதும் உள்ள பெட்டிகளுக்குச் சென்றவுடன் பேரேட்டின் பக்கம் ஒவ்வொன்றிலும் கணக்கு மாறும். அங்குக் காகிதத்தில் வகுத்துப் பெருக்கிக்கொண்டிருக்க நேரமேது? 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அணா ஒழிந்து நூறு காசு வந்தபோது இக்கல்வியும் ஒழிந்தது. நல்லதே. ஆனால் ஒழிந்தது வாய்பாடு மட்டுமே என்று கொள்க. பையன் கப்பலேறிய பின் கற்றவை வேறு.

எம் பாட்டனாரை யாங்கள் ஐயா என்போம். அவர் 1934-ஆம் ஆண்டில், பதினான்காம் வயதில், பெகு நகரத்துக் கடையொன்றிற்குப் பெட்டியடிப் பையனாகச் சென்றவர். எம் சிறுபிராயத்தில் மாலைதோறும் வளவில் அமர்ந்து அக்கதைகளைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். முதலாண்டு முழுதும் பேனாவைத் தொட அவரை விடவில்லையாம். கடை பெருக்குதல், விளக்குத் துடைத்தல், பாய் உதறிப் போடுதல், சீட்டுக் கொண்டு அடுத்த கடைக்கு ஓடுதல், சமையற்காரருக்குக் கறி நறுக்கிக் கொடுத்தல் இவையே வேலை. இடையிடையே கடைவீதியில் நின்று பர்மியப் பேச்சுக் கற்றார். மேலாள் கடன் கேட்டு வந்தவனுடன் பேசும்போது பையன் தண்ணீர்ச் செம்புடன் அருகில் நிற்கவேண்டும். வந்தவன் போனபின் மேலாள் திரும்பி, "அவன் கால் பார்த்தாயா?" என்பார். சேறு உலர்ந்த கால் எனின் தானே உழுபவன். செருப்புக் கால் எனின் வயலைக் குத்தகைக்கு விட்டுக் கடனைச் சூதில் வைப்பவனாகவும் இருக்கலாம். எந்தப் புத்தகத்தில் இதனை எழுதி வைப்பது?

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் மேலாள் ஐந்தொகை ஏட்டை ஐயாவிடம் தள்ளி, முக்காலணா இடிக்கிறது, எங்கே என்று பார் என்றாராம். ஐயா இரண்டு இரவு உறங்காமல் குறிப்பையும் பேரேட்டையும் வரி வரியாக ஒப்பிட்டார். மூன்றாம் நாள் விடியலில் பிழை அகப்பட்டது. பற்றில் எழுதவேண்டிய தபாற்கூலி ஒன்றை வரவில் எழுதியிருந்தது. கொண்டுபோய்க் காட்டினார். மேலாள் ஏட்டைப் பாராமலே பக்கத்தின் எண்ணைச் சொன்னாராம். அவரே வேண்டுமென்று எழுதி வைத்த பிழை அது! ஐயாவுக்கு அன்று வந்த கோபம் எம்மிடம் சொல்லும்போதும் தணிந்திருக்கவில்லை. அக்கோபத்தின் ஊடே ஒரு மகிழ்ச்சியும் இருந்ததனை யாம் கண்டோம்.

இனி, சென்னை அன்பரின் குறைக்கு வருவோம். மூன்றாண்டுத் தவணை முடிந்து 1937-இல் ஊர் திரும்பிய ஐயா, தம்மைப் பழக்கிய முதலாளியிடம் மீண்டும் செல்லவில்லை. வேறொரு முதலாளி அடுத்தாளாகவே எடுத்துச் சற்றுக் கூடுதலான சம்பளமும் பேசினார். ஐயா அங்குச் சேர்ந்தார். பழைய முதலாளி மூன்றாண்டு சோறு போட்டு, துணி கொடுத்து, கப்பற்கூலியும் கொடுத்து வளர்த்த பிள்ளை, கணக்குத் தெரிந்தவுடன் கைம்மாறிப் போயிற்று. அன்பர் சொன்ன நட்டம் அப்படியே அவருக்கும் நேர்ந்தது. அவர் என் செய்தார்? ஐயாவின் வீட்டுக்கு வந்து சண்டையிட்டாரில்லை. அடுத்த மாதமே மற்றொரு கடையில் பழகிய அடுத்தாள் ஒருவரைத் தாம் அழைத்துக் கொண்டார். பெட்டியடிக்குப் புதிய பையன் ஒருவனையும் எடுத்தார். எம் ஐயாவைப் பற்றி மற்ற முதலாளி விசாரித்தபோது, "கணக்குச் சுத்தம், கோபம் உண்டு" என்று உள்ளது உள்ளபடி சொன்னாராம்.

இஃது ஒன்றே நம் முன்னோர் முறையின் நடுநரம்பு என்று யாம் எண்ணுகின்றோம். பழகிய ஆளை எடுப்பதா, பழக்கி எடுப்பதா என்னும் வழக்கு அவர்களுக்கு இல்லை. ஒவ்வொரு கடையும் இரண்டையும் செய்தது. மேலே பழகியவர், கீழே பழகுபவன். ஒருவர் பழக்கிய பையன் மற்றொருவருக்குப் பழகிய ஆளாகச் சென்றான். மற்றொருவர் பழக்கியவன் இவருக்கு வந்தான். ஊர்ப் பொதுக்கண்மாயில் எல்லோர் வரத்தும் சேர்ந்து எல்லோர் வயலுக்கும் பாய்தல் போன்றது அது. வரத்துக்காலைத் தூர்த்துவிட்டு மடையை மட்டும் திறப்போர் பெருகினால் கண்மாய் எத்தனை நாளைக்குக் காணும்?

பிற நாட்டார் இதனைச் சட்டத்தால் செய்ய முயன்றனர். இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காலத்தில், 1563-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், கைத்தொழில் செய்ய விரும்புவோன் ஏழாண்டு ஒரு தொழிலாளரிடம் பயிற்சியாளனாக இருத்தல் வேண்டும் என விதித்தது. அவ்விதி 1814-இல் நீக்கப்பட்டது. பயில்பவன் ஓடிப்போகாமல் ஒப்பந்தப் பத்திரம் அவனைக் கட்டியிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலோ, வெள்ளைக்காரப் பிள்ளைகள் 'கிரீப்பர்' என்னும் பெயரில் சேர்ந்து தோட்டத் தொழில் கற்றுப் பின்னரே சின்னத்துரை ஆவர். கற்பதற்காக அவர்களே பணம் கட்டியதும் உண்டு. நம் பையனைப் பத்திரமும் கட்டவில்லை; பணமும் அவன் கட்டவில்லை. அவனைக் கட்டியது வேறு. ஒன்பது கோயிலுள் ஒன்றைச் சேர்ந்தவன் அவன். நாளை அவனுக்குப் பெண் பேசுவதும், அவன் வீட்டுக்கு நல்லது கெட்டதற்கு வருவதும், அவன் கையெழுத்தை நம்புவதும் இதே கூட்டத்தார். ரங்கூனில் செய்த புரட்டு, கப்பல் திரும்புமுன் கண்டனூர் வீதிக்கு வந்துவிடும். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்னும் இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்தபடியாகச் 'சுற்றந்தழால்' என்பதனை வைத்த வைப்புமுறையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எமக்குப் பெட்டியடியே நினைவுக்கு வரும்.

ஆனால் இதனை மட்டும் சொல்லி நிறுத்தின் வரலாறு எழுதியோம் ஆகோம். புகழ்மாலை தொடுத்தோம் ஆவோம். இம்முறைக்குக் குறைகளும் இருந்தன.

முதற்குறை, வட்டத்தின் கதவு சாத்தியிருந்தது. கடையிற் பல சாதியாரும் வேலை பார்த்தனர். சமையல், காவல் முதலியவற்றில் அவர்கள் இருந்தனர். சில இடங்களில் கணக்கும் எழுதினர். மேலாள் ஆகும் வழியோ பெரும்பாலும் நம் பிள்ளைக்கே திறந்தது. அவர்களுள் எத்தனை கூர்த்த மதியினர் அடுப்படியோடு நின்றனரோ! நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் அவ்வழி இல்லை. கணவன் மூன்றாண்டு கடலுக்கு அப்பால் இருக்க, இரட்டைக் கட்டு வீட்டையும், வேலையாட்களையும், சீர்வரிசைக் கணக்கையும் முந்திரி பிசகாமல் நடத்திய ஆச்சிமார்க்குப் பெட்டியடியில் இடமிருந்தால் எத்துணைச் சிறந்த மேலாட்கள் ஆகியிருப்பர்!

இரண்டாங்குறை பெரிது. அனுபவம் என்பது ஒரு நிலைமையில் பெற்ற அறிவு. நிலைமை மாறின் அதுவே தடையாகும். 1930-இல் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது பர்மா நெல்லின் விலையும் ஏறத்தாழப் பாதியாயிற்று. உழவன் வட்டி கொடுக்க இயலவில்லை, முதலும் வரவில்லை, ஈடாக எழுதிய நிலமே வந்தது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930-இல் நூற்றுக்கு ஆறாக இருந்த நம்மவர் நிலம், 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. நிலத்தை இழந்த பர்மிய உழவனின் துயரை ஈண்டு மறைத்தல் அறமன்று. நம்மவர் திறமையைப் பேசும் மேடைகளில் இஃது ஏனோ பேசப்படுவதில்லை. நம்மவர்க்கும் அந்நிலம் மகிழ்ச்சி தரவில்லை. கடன் கொடுக்கவும் வாங்கவும் பழகிய மேலாள், நெல் அளக்கவும் வரப்பு வழக்குத் தீர்க்கவும் வேண்டியவரானார். பெகுவில் எம் ஐயாவின் மேலாள், 1930-க்கு முந்திய நல்ல காலத்தைக் கண்டவர். "எனக்குத் தெரிந்தது எதுவும் இப்பொழுது உதவவில்லை, பையா, நீ புதிதாகப் பார்" என்று அவர் ஒருநாள் சொன்னதனை ஐயா பல முறை எம்மிடம் சொல்லியதுண்டு. இருபதாண்டு அனுபவமுடையவர், பதினாறு வயதுப் பிள்ளையின் கண்ணை வேண்டி நின்ற நாள் அது. பழகிய ஆளையே தேடுவோர் இதனையும் கருத வேண்டும்.

பிறகு நிகழ்ந்தன பலரும் அறிந்தவை. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவினின்று பிரிந்தது. 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் அந்நகர் ஜப்பானியர் வசமாயிற்று. எம் ஐயா இரண்டாம் தவணை முடிந்து 1941 புரட்டாசியில் ஊர் சேர்ந்துவிட்டார். அவருக்குப்பின் அப்பெட்டியில் அமர்ந்தவர் மலைவழியே நடந்து, உடல் எலும்பாய், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். அவருடன் புறப்பட்ட பெட்டியடிப் பையன் வரவில்லை. 1948-இல் பர்மா அரசினர் நிலங்களைப் பொதுவுடைமையாக்கும் சட்டம் இயற்றினர்.

இழந்த நிலத்தையும் பணத்தையும் பற்றி நம்மவர் எழுதிய மனுக்கள் மலைபோலக் குவிந்தன. பெட்டியடி இழந்ததனைப் பற்றி எவரும் மனு எழுதவில்லை. அடுத்த இருபதாண்டுகளுக்கு அவ்விழப்புத் தெரியவும் இல்லை. ஏனெனில் பழகியவர்கள் உயிரோடிருந்தனர். அவர்களே மில்களிலும், வங்கிகளிலும், மலேயாவில் எஞ்சிய கடைகளிலும் கணக்கை நடத்தினர். 1937 பிப்ரவரியில் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்னும் மூவிடத்தும் ஒரே நாளில் தொடங்கினார். அத்தகைய முயற்சிகளுக்குப் பெட்டியடியிற் பழகிய தலைமுறை பக்கபலமாய் இருந்திருக்கும் என்பது எம் துணிபு. ஆனால் அத்தலைமுறைக்குப் பின்னே வரிசையில் எவரும் இல்லை. கண்மாயில் நின்ற நீர் அளவும் வயல் பசுமையாகவே இருந்தது.

தொழிலும் மாறிற்று. மோல்மேனில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தார் 1949-இல் ஆங்கிலக் கம்பெனி ஒன்றுடன் கூடிச் சென்னையில் சைக்கிள் ஆலை நிறுவினர். சைக்கிள் சட்டத்தை வளைக்கும் அறிவு பேரேட்டிலிருந்து வருமோ? இதனை முன்னுணர்ந்தோருள் தலையாயவர் அழகப்பச் செட்டியார். 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் அளித்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று எழச் செய்தார். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கு அமைய முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் வழங்கினார். பழக்கும் பொறுப்பைக் கடையினின்று எடுத்துக் கல்லூரியில் வைத்த மாற்றம் அது. அப்பெருமகனாரின் கொடையால் கல்வி பெற்றோருள் யாமும் ஒருவர் ஆதலின் அதனைக் குறை கூறும் நா எமக்கில்லை. ஆயின் அவர் அளித்தது பாதி. மறுபாதியைக் கம்பெனிகள் அளிக்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். கம்பெனிகளோ, கல்லூரி வந்துவிட்டது, இனி நமக்குக் கவலையில்லை என்று பெட்டியடியை எடுத்து வீட்டின் பரணில் வைத்துவிட்டன. வந்தவன் கால் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது எந்தக் கல்லூரியின் பாடத்திட்டம்?

இந்திய அரசினர் 1961-இல் தொழிற்பயிற்சியாளர் சட்டம் இயற்றினர். 2019-இல் திருத்திய விதிகளின்படி, முப்பதும் அதற்கு மேலும் ஆட்களை உடைய நிறுவனங்கள், தம் ஆட்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பயிற்சியாளரை எடுத்தல் வேண்டும். நம் உறுப்பினருள் இதற்குட்பட்டோர் பலர். கணக்கர் சொல்லிக் கையெழுத்திட்டதோடு நில்லாமல், அப்பயிற்சியாளன் பெயர் என்ன, இன்று என்ன கற்றான் என்று அறிந்த முதலாளிகள் எத்தனை பேர் என்பதனை அவரவர் நெஞ்சே அறியும். சிறு கடைகளுக்குச் சட்டம் இல்லை. அங்கு முன்னோர் முறையே உள்ளது: மேலே பழகியவர் இருவர் எனின் கீழே பழகுபவர் ஒருவர்.

"பழகியபின் போய்விடுகிறானே" என்னும் குறை நின்றுகொண்டிருக்கின்றது. போவான். எம் ஐயாவும் போனார். பத்திரம் எழுதி வாங்கி, சான்றிதழ்களைப் பூட்டி வைத்து அவனை நிறுத்தும் கம்பெனிகள் சில உண்டு என்று கேள்விப்படுகின்றோம். நம்மவர் அந்நிலைக்கு இறங்கமாட்டார் என்று நம்புகின்றோம். செய்யத்தக்கது, போகின்றவன் நம் கண்மாய்க்குள்ளேயே போகும்படி கண்மாயைப் பெரிதாக்குதலே. நம் சங்கத்தில் தொழில் நடத்துவோர் ஐம்பது பேர், ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர் என்று புதியோரை எடுத்து, மூன்றாண்டு கழித்து அவர்களைப் பற்றி உள்ளது உள்ளபடி ஒருவர்க்கொருவர் சொல்வாராயின், முன் அனுபவமுடையோரைத் தேடி எவரும் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் பழையபடி இருத்தலாகாது. எடுக்கும் பிள்ளைகள் நம் பிள்ளைகளாகவே இருக்கவேண்டும் என்னும் கதவை மீண்டும் சாத்தலாகாது. ஆண் பிள்ளைகளாகவே இருக்கவேண்டும் என்பதும் ஆகாது. இதில் எம்மோடு மாறுபடும் மூத்தோர் சங்கத்தில் உள்ளனர் என்பதனை அறிந்தே எழுதுகின்றோம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னர்ச் சென்னை அன்பரைக் காரைக்குடியில் ஒரு திருமண வீட்டில் கண்டோம். அவருடைய பாட்டனார் எந்த ஊர்க் கடையில் பெட்டியடியில் இருந்தார் என்று கேட்டோம். சற்று யோசித்து, தம் அப்பச்சியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். மோல்மேன், 1926, பன்னிரண்டு வயது என்றார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், ஆவணியில் இரண்டு பேரை எடுப்பதாகவும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு என்றும் சொன்னார்: பிள்ளைகளை யாமே தேர்ந்தனுப்ப வேண்டுமாம். தெரிந்து தெளிதலை எம் தலையிற் கட்டிவிட்டார், போகட்டும். எம் மாணவன் ஒருவன். மற்றவள், எம் ஊரில் தையற்கடை வைத்திருப்பவரின் மகள்; கணக்கில் அவனினும் கெட்டிக்காரி. சென்னையில் அவள் தங்குவதற்குத் தக்க இடம் அமையாமையால் அவள் தந்தையார் தயங்குகின்றார். நுங்கம்பாக்கத்தினின்று நெடுந்தொலைவு இல்லாத இடத்தில் ஓர் அறை கொடுக்கக்கூடிய குடும்பத்தார் நம் உறுப்பினருள் இருப்பின், ஆடி முடிவதற்குள் சங்க அலுவலகத்துக்கு எழுதுவாராக.